குப்பைக் கிடங்கும் நம் கிணற்றுத் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் புக்கிட் ரோத்தான் பக்கம் பிறந்து வளர்ந்தவன் நான். அப்பா பால்மரம் சீவினார், அண்ணன் எண்ணெய்ப்பனையான செம்பனையில் குலை வெட்டினார், நான் போத்தல் தூக்கினேன். ஆய்வுக்கூடங்களுக்காகக் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் மாதிரி எடுத்துவரும் வேலை. சிலாங்கூரின் பெரிய குப்பைக் கிடங்குகளில் ஜெராமும் புக்கிட் தாகாரும் செம்பனைக் காட்டை ஒட்டியே இருப்பதால், கோயில் திருவிழாவானாலும் கல்யாணப் பந்தியானாலும் யாராவது ஒருவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே தண்ணீரைப் பற்றிக் கேட்பார். சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

குப்பையிலிருந்து வடியும் அந்தக் கறுப்புத் தண்ணீர் என்ன?

மலாயில் அதை ‘ஆயேர் லாருட் ரெசாப்’ என்பார்கள். நான் குப்பைச்சாறு என்கிறேன். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் பெரும்பங்கு சோறும் குழம்பும் பழத்தோலும்தான். அதிலேயே ஈரம் சொட்டும். அதற்குமேல் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை. ஒரு ஹெக்டேர் திறந்த குப்பையின்மேல் அவ்வளவு மழை விழுந்தால் 25,000 கன மீட்டர் தண்ணீர். அதில் கால்பங்கு உள்ளே இறங்கினாலும் ஆண்டுக்கு 6,000 கன மீட்டருக்கு மேல் சாறு. காற்றுப் புகாத குப்பைக்குள் புரதம் அழுகும்போது நைட்ரஜன் எல்லாம் அம்மோனியாவாக வெளியேறுகிறது. ஒரு லிட்டர் குப்பைச்சாற்றில் அம்மோனியா நைட்ரஜன் 1,000 மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். அதோடு உப்பு, இரும்பு, மாங்கனீசு, எளிதில் மட்காத கரிமப் பொருள்கள். கன உலோகங்களைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் பயப்படுகிறார்கள். வீட்டுக் குப்பையைப் பொறுத்தவரை என் கண் முதலில் போவது அம்மோனியாவின் மேல்தான்.

அடியில் என்ன விரித்திருக்கிறார்கள்?

முறையாகக் கட்டிய கிடங்கில் கீழிருந்து மேலாக முதலில் இறுக்கிய களிமண். அமெரிக்க விதி கேட்பது 60 செண்டிமீட்டர் தடிமன். பல நாடுகளும் அதை ஒட்டியே வரைகின்றன. களிமண் கிடைக்காத இடத்தில் பெண்டோனைட் என்ற, தண்ணீர் பட்டால் உப்பிக்கொள்ளும் களிமண் தூளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்த பாய் போடுவார்கள். அதன்மேல் எச்.டி.பி.இ. எனப்படும் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பு, 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் தடிமன். அதன்மேல் தடித்த பாதுகாப்புத் துணி. அதற்கும் மேலே சரளைக்கல் அடுக்கு, அதற்குள் துளையிட்ட குழாய்கள். குப்பை அதன்பிறகுதான்.

மலேசியாவில் கிடங்குகளை நிலை 0 முதல் நிலை 4 வரை பிரிக்கிறார்கள். சும்மா கொட்டி வைத்த குழி 0. சாற்றைச் சேகரித்துச் சுத்திகரிக்கும் வசதியுள்ளது நிலை 4. உங்கள் ஊர்க் கிடங்கு எந்த நிலை என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

விரிப்பில் ஓட்டையே விழாது என்று கூட்டத்தில் சொன்னார்களே?

அப்படிச் சொன்னவர் விரிப்பு விரிக்கும் இடத்தில் வெயிலில் நின்றிருக்க மாட்டார்.

எல்லா விரிப்பிலும் ஏதோ ஓர் ஓட்டை இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் பொறியாளர்களே கணக்குப் போடுகிறார்கள். ஓட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில்தான் விஷயம். சுண்டுவிரல் நகத்தளவு, அதாவது ஒரு சதுர செண்டிமீட்டர் ஓட்டை என்று வைத்துக்கொள்வோம். மேலே 30 செண்டிமீட்டர் உயரத்துக்குச் சாறு நிற்கிறது. விரிப்புக்குக் கீழே சரளை மட்டும் இருந்தால் அந்த ஓட்டை வழியாக நாளொன்றுக்குச் சுமார் 12,000 லிட்டர் இறங்கிவிடும். அதே ஓட்டைக்குக் கீழே நன்றாக இறுக்கிய களிமண் ஒட்டிப் படிந்திருந்தால், வழக்கமாகப் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர். அரை லிட்டர் எங்கே, பன்னிரண்டாயிரம் எங்கே! பிளாஸ்டிக்கும் களிமண்ணும் கணவன் மனைவி மாதிரி. ஒட்டி இருக்கும்வரைதான் குடும்பம்.

ஒட்டாமல் போவது எப்படி? இங்கேதான் நம் வெயில் வருகிறது. கறுப்பு விரிப்பு நண்பகலில் 60 பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். விடியற்காலையில் தட்டையாகக் கிடந்த 100 மீட்டர் விரிப்பு, 30 பாகை சூடு ஏறினால் அரை மீட்டருக்கும் மேல் நீளும். நீளம் எங்கே போகும்? மடிப்பாகப் புடைத்துக்கொண்டு நிற்கும். அந்த மடிப்போடு சரளையைக் கொட்டி மூடிவிட்டால், அடியில் ஒரு சுரங்கம் போல வெற்றிடம் தங்கிவிடும். அந்த மடிப்பில் ஓர் ஓட்டை விழுந்தால், சாறு சுரங்கம் நெடுகப் பரவி, களிமண்ணின் பெரும்பரப்பில் ஊறும். அரை லிட்டர் கணக்கு அங்கே செல்லாது. அதனால் விவரம் தெரிந்த மேற்பார்வையாளர், விரிப்பு தட்டையாகக் கிடக்கும் குளிர்ந்த காலை வேளையில்தான் சரளை போட விடுவார். பதினொரு மணிக்கு லாரி வரிசை நின்றாலும் திருப்பி அனுப்புவார். ஒப்பந்தக்காரருக்கு அவரைப் பிடிக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரும்பாலான ஓட்டைகள் விரிப்பு போடும்போது விழுவதில்லை. மேலே சரளை பரப்பும் இயந்திரத்தால் விழுகின்றன. கூர்முனைக் கல் ஒன்று, அதன்மேல் புல்டோசரின் சங்கிலிச் சக்கரம் ஒரு திருப்பு, அவ்வளவுதான்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

கட்டும் காலத்தில் பல வழிகள் உண்டு. விரிப்புச் சுருள்களைச் சூடான ஆப்பு இயந்திரத்தால் ஒன்றோடொன்று ஒட்டுவார்கள். அந்த ஒட்டு இரட்டைத் தடமாக இருக்கும், நடுவில் ஒரு காற்றுவழி. அதன் இரு முனையையும் அடைத்துச் சைக்கிள் டியூபுக்கு அடிப்பதுபோலக் காற்றடித்து, ஏறக்குறைய 200 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஐந்து நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். முள் இறங்கினால் ஒட்டு சரியில்லை. இதில் ஒரு நுணுக்கம்: சோதனை முடிந்ததும் மறுமுனையை வெட்டிவிட வேண்டும், அங்கே காற்று சீறி வரவேண்டும். சீறவில்லை என்றால் நடுவே எங்கோ அடைத்திருக்கிறது, பாதி ஒட்டுதான் சோதிக்கப்பட்டது என்று பொருள். பல பேர் இதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

மூலை முடுக்கில் கையால் உருக்கி ஒட்டிய இடங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, மேலே கண்ணாடிப் பெட்டி ஒன்றை வைத்துக் காற்றை உறிஞ்சுவார்கள். குமிழி வந்தால் ஓட்டை. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டிக்குள் டியூபை முக்கிப் பார்ப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். இவை தவிர, ஒட்டிய இடத்தில் குறிப்பிட்ட நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுத்து, இழுத்தும் உரித்தும் பார்ப்பார்கள். 150 மீட்டருக்கு ஒன்று என்பது பரவலான வழக்கம். வெட்டிய இடத்துக்கு ஒட்டுப் போடுவார்கள். அந்த ஒட்டையும் சோதிக்கவேண்டும்.

இவை எல்லாம் ஒட்டுகளைத்தான் பார்க்கும். சரளை போட்டபின் விழுந்த ஓட்டைக்கு மின்சாரம்தான் வழி. எச்.டி.பி.இ. மின்சாரத்தைக் கடத்தாது. விரிப்புக்கு மேலே ஈரச் சரளையில் ஒரு மின்முனை, விரிப்புக்கு வெளியே தரையில் இன்னொன்று. விரிப்பு முழுமையாக இருந்தால் மின்சாரம் போக வழியில்லை. ஓட்டை இருந்தால் அதன் வழியாகப் பாயும். தொழிலாளி ஒரு கருவியோடு வரிசை வரிசையாக நடந்து மின்னழுத்தத்தை அளந்துகொண்டே போவார். ஓட்டை இருக்குமிடத்தில் எண் துள்ளிப் புரளும். அங்கே தோண்டினால் பெரும்பாலும் கிழிசல் கண்ணில் படும். இந்தச் சோதனை வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டும். எழுதாமல் யாரும் தாமாகச் செய்ய மாட்டார்கள். பொதுக்கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்க வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது இதைத்தான்: சரளை பரப்பியபின் மின்கசிவுச் சோதனை செய்தீர்களா, எத்தனை ஓட்டை கிடைத்தது? ‘ஒன்றுமில்லை’ என்ற பதிலைவிட, ‘ஏழு கிடைத்தது, ஏழையும் அடைத்தோம்’ என்ற பதில் எனக்குத் தெம்பு தரும்.

குப்பை கொட்டிய பிறகு விரிப்பை எப்படிப் பார்ப்பது?

பார்க்க முடியாது. முப்பது மீட்டர் குப்பைக்கு அடியில் கிடக்கிறது. அதன்பிறகு எல்லாம் நாடி பிடித்துப் பார்ப்பதுதான். விரிப்பின்மேல் சாறு எவ்வளவு உயரம் நிற்கிறது என்று அளப்பார்கள். 30 செண்டிமீட்டருக்குள் வைத்திருப்பது பரவலான வரம்பு. பம்பு பழுதாகி, குழாய் அடைத்து, சாறு ஐந்து மீட்டர் ஏறி நின்றால், சின்ன ஓட்டையும் பெரிய ஓட்டையாக வேலை செய்யும். இரண்டடுக்கு விரிப்புள்ள கிடங்கில் நடுவே ஒரு கசிவறி அடுக்கு இருக்கும். அங்கே எவ்வளவு தண்ணீர் சேர்கிறது என்பதே மேல்விரிப்பின் நிலையைச் சொல்லிவிடும். ஓரடுக்கு மட்டும் உள்ள இடத்தில் மிச்சமிருப்பது சுற்றியுள்ள கிணறுகள்.

செம்பனைக்கு நடுவே பூட்டுப்போட்ட இரும்புக் குழாய் நிற்கிறதே, எதற்கு?

அதுதான் கண்காணிப்புக் கிணறு. இரும்பு வெறும் கவசம். உள்ளே 50 மில்லிமீட்டர் அகலமுள்ள பி.வி.சி. குழாய் இருக்கும். அதன் அடிப்பகுதியில் மெல்லிய வெட்டுகள், சுற்றிலும் சலித்த மணல், மணலுக்கு மேலே பெண்டோனைட் அடைப்பு, அதற்குமேல் சிமெண்டு. அடைப்பு சரியில்லை என்றால் மழைத்தண்ணீரும் உரத்தண்ணீரும் குழாயை ஒட்டி நேராகக் கீழே இறங்கிவிடும். பிறகு அந்தக் கிணறு நிலத்தடி நீரைப் பற்றி எதுவும் சொல்லாது, வாய்க்கால் தண்ணீரைப் பற்றித்தான் சொல்லும்.

பசங்களிடம் சொல்லிவையுங்கள்: கல்லைப் போட்டு ஆழம் பார்க்கும் விளையாட்டு அங்கே வேண்டாம். ஒருமுறை நான் பூட்டைத் திறந்தபோது உள்ளே கல் ஒன்று நிலையாக மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கிணறு அதோடு முடிந்தது.

மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்கிறார்களே, நிலம் தட்டையாகத்தானே இருக்கிறது?

நிலம் தட்டையாக இருந்தாலும் நிலத்தடி நீர் எங்கோ ஒரு பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கும். குறைந்தது மூன்று கிணறுகளில் நீர்மட்டத்தைக் கடல்மட்டக் கணக்கில் அளந்தால் சரிவு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். இரண்டு கிணறு போதாது. தண்ணீர் கிடங்குக்குள் நுழையும் பக்கம் மேல்பக்கம்; வெளியேறும் பக்கம் கீழ்ப்பக்கம். ஐரோப்பிய விதி குறைந்தது மேல்பக்கம் ஒன்று, கீழ்ப்பக்கம் இரண்டு கேட்கிறது. மேல்பக்கக் கிணறு ஊர்த்தண்ணீரின் இயல்பைச் சொல்லும். கீழ்ப்பக்கக் கிணறு கிடங்கைத் தாண்டி வந்தபின் அதே தண்ணீருக்கு என்ன ஆனது என்று சொல்லும். இரண்டின் வித்தியாசம்தான் செய்தி.

என் அனுபவத்தில் மறக்கமுடியாத ஒன்று. ஓர் இடத்தில், எந்த இடம் என்பது வேண்டாம், வருடக்கணக்காக அறிக்கையில் ‘மேல்பக்கத்துக்கும் கீழ்ப்பக்கத்துக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று எழுதி வந்தார்கள். எண்கள் உண்மை. நான் எடுத்த மாதிரிகளேதான். ஒருநாள் மழைக்கு ஒதுங்கி நின்றபோதுதான் கவனித்தேன்: ‘மேல்பக்க’க் கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி, குப்பைச்சாற்றைத் தேக்கிவைக்கும் குளம். குளத்தின் கரை ஊறிப்போய்க் கிடந்தது. சுத்தமான கிணறு என்று எதோடு ஒப்பிட்டோமோ, அதுவே கெட்டுப்போய் இருந்தது. இரண்டும் சம அளவில் கெட்டிருந்தால் வேறுபாடு எப்படித் தெரியும்? எழுதிக் கொடுத்தேன். அடுத்த ஒப்பந்தத்தில் எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெயர் இல்லை.

ஆகவே எண்ணைப் பார்க்குமுன் வரைபடத்தைப் பாருங்கள்.

மாதிரி எடுப்பதில் தில்லுமுல்லு செய்யமுடியாதா?

முடியும். ஆனால் நான் அதிகம் பார்த்தது சோம்பல். கிணற்றில் தேங்கி நிற்கும் தண்ணீர் பழைய தண்ணீர். அதை இறைத்துவிட்டுப் புதிதாக ஊறுவதைத்தான் எடுக்கவேண்டும். 50 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மீட்டருக்கு இரண்டு லிட்டர் நிற்கும். எட்டு மீட்டர் தண்ணீர் இருந்தால் 16 லிட்டர். அதை மூன்று மடங்கு இறைப்பது பழைய வழக்கம், ஆக 48 லிட்டர். கையால், குறுகிய வாளியால், கொசுக்கடியில். மூன்றாவது கிணற்றுக்கு வரும்போது யாருக்கும் கை சோர்ந்துவிடும். இப்போது மெதுவாக உறிஞ்சும் சிறிய பம்புகள் வந்துவிட்டன, பி.எச். எனும் அமில-கார அளவு, மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் மாறாமல் நிலைத்தபின் போத்தலைப் பிடிக்கவேண்டும்.

போத்தலிலும் முறை உண்டு. அம்மோனியாவுக்கான போத்தலில் கந்தக அமிலம், உலோகத்துக்கான போத்தலில் நைட்ரிக் அமிலம், எல்லாம் பனிப்பெட்டியில். கரைந்த உலோகத்தை அளக்கவேண்டுமானால் அமிலம் சேர்க்குமுன் அங்கேயே வடிகட்டவேண்டும். இல்லாவிட்டால் கலங்கலில் உள்ள மண்ணின் இரும்பெல்லாம் கரைந்து கணக்கில் ஏறிவிடும். வெற்று மாதிரி (தூய நீரை நிரப்பியது), இரட்டை மாதிரி (ஒரே கிணற்றில் இருமுறை எடுத்தது) எடுத்தார்களா என்று அறிக்கையின் பின்பக்கத்தில் தேடுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டமான ‘சாம்’ தரும் அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும், அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட அந்தச் சோதனைக்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

அறிக்கையில் இருபது எண்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது?

குளோரைடையும் அம்மோனியாவையும். குளோரைடு மண்ணோடு ஒட்டாது, சிதையாது; தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். முதலில் வந்து கதவைத் தட்டுவது அதுதான். அம்மோனியாவைக் களிமண் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே அது பிந்தி வரும். உலோகங்கள் இன்னும் பின்னால்.

ஆனால் நம் தோட்டத்தில் ஒரு சிக்கல். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் எது? பொட்டாசியம் குளோரைடு. மூட்டை மூட்டையாகக் குளோரைடைக் கொட்டிவிட்டுக் கிணற்றில் குளோரைடு இருக்கிறதே என்று கிடங்கை மட்டும் கைகாட்டினால், அவர்கள் வழக்கறிஞர் சிரிப்பார். கடற்கரைச் சமவெளியில் இன்னொரு காரணமும் உண்டு: நம் நிலத்தடிக் களிமண் பல ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் கடல் படியவைத்தது. அதிலேயே உப்பு ஊறிக் கிடக்கிறது.

பிரித்தறிய வழி இருக்கிறது. உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் வரும் நைட்ரஜன், காற்றோட்டமுள்ள மேல்மண்ணில் பெரும்பாலும் நைட்ரேட்டாக மாறிவிடும். குப்பைச்சாற்றில் ஆக்சிஜன் இல்லாததால் அம்மோனியாவாகவே வரும். எனவே கிணற்றில் நைட்ரேட் அதிகம், அம்மோனியா குறைவு என்றால் முதலில் மாட்டுக் கொட்டகையையும் உரத்தையும் சந்தேகியுங்கள். மலக்கிருமியான ஈ.கோலையும் இருந்தால் மலக்குழி. அம்மோனியாவும் குளோரைடும் காரத்தன்மையும் ஒன்றாக ஏறி, ஆக்சிஜன் இறங்கி, நைட்ரேட் காணாமல் போனால், அப்போது கிடங்கின் பக்கம் திரும்பவேண்டும். மட்கிய செடிகொடி படிந்த கரிச்சேற்று நிலத்தில் இயல்பாகவே அம்மோனியா கொஞ்சம் இருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

எந்த எண்ணையும் தனியாகப் பார்க்காதீர்கள். குப்பை கொட்டத் தொடங்குவதற்கு முந்தைய அளவு, மேல்பக்கக் கிணற்றின் அளவு, இந்தக் கிணற்றின் சென்ற நான்கைந்து ஆண்டு அளவுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளை போதும் அதற்கு. எண் வரம்புக்குள்ளேயே இருந்தாலும் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் ஏதோ நடக்கிறது.

வரம்பு என்கிறீர்கள், எந்த வரம்பு?

இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், சில சமயம் குழப்பவும் படுகிறார்கள். 2009ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிமுறை, கிடங்கிலிருந்து சுத்திகரித்து வெளியே விடும் சாற்றுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரை அனுமதிக்கிறது. அது வாய்க்காலில் விடும் தண்ணீருக்கு. சுகாதார அமைச்சின் குடிநீர்த் தர அளவில் அம்மோனியாவுக்கு 1.5, நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனுக்கு 10, குளோரைடுக்கு 250, சுத்திகரித்த நீரில் இரும்புக்கு 0.3. உங்கள் கிணற்றில் அம்மோனியா 3 என்று வந்து, ‘5க்குள் தானே இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அவர் வாய்க்காலின் அளவுகோலால் உங்கள் தம்ளரை அளக்கிறார்.

என் கிணற்றுத் தண்ணீர் பிடித்துவைத்தால் மஞ்சளாகிறது. கிடங்குதானே காரணம்?

அநேகமாக இல்லை. செம்மண்ணிலும் கரிச்சேற்றிலும் இரும்பு தாராளம். காற்றுப் படாதவரை தெளிவாக இருந்து, வாளியில் வைத்தபின் துருவாகப் படியும். நம் பாட்டி காலத்து வெள்ளை வேட்டிகளைக் கேட்டால் கதை சொல்லும். ஆனால் ஒன்று: முன்பு தெளிவாக இருந்த கிணறு அண்மையில்தான் இப்படி மாறியது என்றால் சோதிக்கவேண்டும். குப்பைச்சாறு போகும் வழியில் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; அப்போது மண்ணிலேயே கிடக்கும் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். குப்பையிலிருந்து வந்த இரும்பு அல்ல அது. நம் மண்ணின் இரும்பையே சாறு கிளப்பிவிடுகிறது.

கசிந்தால் எத்தனை நாளில் எங்கள் வீட்டுக்கு வரும்?

நாளில் இல்லை, ஆண்டில் கேளுங்கள். மணற்பாங்கான மண், ஆயிரத்துக்கு ஐந்து சரிவு என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஆறேழு மீட்டர். கெட்டியான கடற்களிமண்ணில் ஆண்டுக்கு ஒரு செண்டிமீட்டர்கூட நகராது. ஆனால் களிமண்ணுக்கு நடுவே பழைய ஆற்றுமணல் பட்டை ஒன்று ஓடினால் தண்ணீர் அதைத்தான் பிடித்துக்கொண்டு போகும். அந்தப் பட்டை எங்கே என்று தெரியாமல் கிணறு தோண்டியிருந்தால், சாறு இரண்டு கிணறுகளுக்கு நடுவே நழுவிவிடும்.

பெருமழைக்குப் பிறகு வாய்க்கால் கறுப்பாக ஓடியது. விரிப்பு கிழிந்துவிட்டதா?

விரிப்புக் கிழிசல் அப்படி ஒரே இரவில் முகம் காட்டாது. கறுப்பு வாய்க்கால் என்றால் சாற்றுக் குளம் நிரம்பி வழிந்திருக்கும், அல்லது குப்பைச் சரிவின் பக்கவாட்டில் ஊற்றெடுத்திருக்கும். ஜொகூரின் சிம்பாங் ரெங்கத்தில் கிடங்குச் சாறு ஓடையில் கலந்து, பெனூட் ஆற்றில் அம்மோனியா ஏறி, குடிநீர் ஆலையை மூடவேண்டி வந்தது நினைவிருக்கும். 2019இல் அந்தக் கிடங்கை மூடுவதாக அரசாங்கம் அறிவித்தது. அடியில் உள்ள விரிப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மேலே வழிவதைக் கவனிக்கமாட்டோம். படம் எடுங்கள், நேரம் குறியுங்கள், அன்றே சுற்றுச்சூழல் துறைக்குப் புகார் கொடுங்கள். நாளை போனால் மழை கழுவிவிட்டிருக்கும்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருந்த பழைய குப்பைக்குழி ஆபத்தா?

யாரும் கேட்காத கேள்வி இது. கேட்ட அக்காவுக்கு நன்றி. அதற்கு விரிப்பு இல்லை, களிமண் இல்லை, கண்காணிப்புக் கிணறு இல்லை. எங்கள் தோட்டத்திலும் அப்படி ஒன்று இருந்தது. தோட்டக் கணக்கரான கிராணியின் வீட்டுக் குப்பை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகையின் துணி, பட்டறையின் பழைய எண்ணெய், களைக்கொல்லி டின்கள் எல்லாம் அதில்தான். இப்போது மேலே வாழை நிற்கிறது, நன்றாகக் காய்க்கிறது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விரிப்புப் போட்ட கிடங்கைப் பற்றிப் பேசும் நாம், ஐம்பதடி தள்ளி இருக்கும் குழியை மறந்துவிட்டோம். அப்படிப்பட்ட குழிக்குப் பக்கத்தில் கிணறு வைத்திருந்தால், வழக்கமான சோதனையோடு எண்ணெய்ப் பொருள்களையும் பூச்சிமருந்துகளையும் தனியாகக் கேட்டுச் சோதியுங்கள். கேட்காவிட்டால் ஆய்வுக்கூடம் பார்க்காது.

அறிக்கைகளை நாம் பார்க்கமுடியுமா? யாரைக் கேட்பது?

புதிய கிடங்குக்குச் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்; அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் காலத்தில் கருத்து எழுதலாம். அதில் தொடக்ககால நிலத்தடி நீர் அளவுகள் இருக்கும்; நகல் எடுத்துவையுங்கள், பதினைந்து ஆண்டு கழித்துத் தேவைப்படும். குப்பை நிர்வாகத்துக்கான 672ஆவது சட்டம் ஜொகூர், பகாங் போன்ற மாநிலங்களில் நடப்பில் இருக்கிறது; சிலாங்கூர் அதில் சேரவில்லை. ஆகவே இங்கே குப்பைக்கு ஊராட்சி மன்றம், வெளியேறும் சாற்றுக்குச் சுற்றுச்சூழல் துறை, நிலத்தடி நீருக்கு மாநில நீர்வள வாரியமான லுவாஸ் என்று மூன்று கதவு. ஒருவர் மற்றவரைக் காட்டுவார். மூவருக்கும் ஒரே கடிதத்தை எழுதி, மற்ற இருவருக்கும் நகல் என்று அடியில் குறிப்பிடுங்கள். தனி ஆளாக எழுதாமல் கோயில் கமிட்டியோ பெற்றோர் ஆசிரியர் சங்கமோ எழுதினால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரும்.

கிடங்கை மூடிவிட்டால் கவலை தீர்ந்ததா?

லாரி வருவது நிற்கும், சாறு நிற்காது. அம்மோனியா பத்தாண்டுக் கணக்கில் வந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவில் மூடியபின் 30 ஆண்டு கண்காணிக்கச் சொல்கிறது விதி. பம்புக்கு மின்கட்டணம் யார் கட்டுவது, கிணற்றுச் சாவி யாரிடம் என்பதெல்லாம் மூடும்போதே எழுத்தில் வரவேண்டும்.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் சரியாகிவிடுமா?

கிருமி சாகும். நைட்ரேட், குளோரைடு, உலோகம் எதுவும் போகாது. தண்ணீர் ஆவியாவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகும். சந்தையில் விற்கும் மணல், கரி வடிகட்டிகள் இரும்பையும் வாடையையும் குறைக்கலாம், நைட்ரேட்டைத் தொடாது. கைக்குழந்தைக்குப் பால் கரைக்க, நைட்ரேட் கூடிய கிணற்றுத் தண்ணீரைக் கண்டிப்பாகப் பயன்படுத்தாதீர்கள். குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது கெடுக்கும். குழாய்த் தண்ணீர் இருக்கும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடியுங்கள். முடிவு வரும்வரை கிணற்றுத் தண்ணீர் வாசல் கழுவவும் கார் கழுவவும் இருக்கட்டும்.